வாடகை வீட்டுக்கு யார் பொறுப்பு? எல்லையோர நகர்களுக்கு முன்னால் உள்ள வழிகள்

கோவையிலிருந்து பாலக்காடு ரோட்டில் மதுக்கரையைத் தாண்டினால் எட்டிமடை, க.க.சாவடி, நவக்கரை என்று கேரள எல்லையான வாளையார் வரைக்கும் எந்த நகருக்குள் நுழைந்தாலும் 'டூ-லெட்' போர்டு தொங்குகிறது. கல்லூரிக்கு வரும் பாலக்காடு, திருச்சூர்ப் பிள்ளைகள், எல்லை தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிறவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டிட வேலை பார்ப்பவர்கள் என்று பலரும் தங்குவது இங்கேதான். வீட்டுக்காரர்கள் பலர் இங்கே இல்லை. ஒருவர் வடக்கஞ்சேரியில் இருக்கிறார், ஒருவர் துபாயில், ஒருவர் கோவை நகருக்குள்.

கல்லூரிப் பிள்ளைகள் புதிதாகக் குடிவரும் அடுத்த ஜூனுக்குள் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளை அதன் சொந்தக்காரர்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும்படி செய்ய எந்த வழியில் போவது? கூட்டத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. நானும் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால் இது அடுத்த வீட்டுக்காரனாகவும் வீட்டுக்காரனாகவும் எழுதுவது.

முதலில் பிரச்சினை எது என்பதில் தெளிவு வேண்டும். சத்தம், வாசலை அடைத்து நிற்கும் பைக்குகள் எல்லாம் எரிச்சல்தான், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதவை இரண்டு. ஒன்று குப்பை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது காலி மனையில் கொட்டிய கவர் எல்லாம் நாலு தெருவுக்குப் பறக்கும். அது மட்டும் என்றால் கூட்டி அள்ளிவிடலாம். மிச்சச் சோறும் காய்கறித் தோலும் கிடக்கும் இடத்துக்குக் காட்டுப்பன்றி வரும், அதன் பின்னால் யானையும் வரும். இது யானை நடமாடும் பூமி. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மதுக்கரை வனச்சரகத்தில் தண்டவாளத்து ஓரம் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்தார்கள். வனத்துறை அவ்வளவு பாடுபட்டு யானையைத் தண்டவாளத்திலிருந்து விலக்கிவைக்க, நாம் காலி மனையில் சோற்றைக் கொட்டி ஊருக்குள் கூப்பிடக் கூடாது. 2025 ஜனவரியில் கோவை தெற்குப்பாளையத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருந்த அறையின் வாசலில் அரிசி வாசனைக்கு யானை வந்து நின்றது. உள்ளே சமைத்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் இருந்து தப்பித்தார்கள். குப்பையை எங்கே போடுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் ஆபத்து முதலில் அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான்.

இன்னொன்று செப்டிக் டேங்க். எங்கள் தெருவில் ஒரு வீடு. நாலு பேர் குடும்பத்துக்கென்று கட்டிய தொட்டி, குடியிருந்தது ஒன்பது பையன்கள். தொட்டி நிறைந்து மூடியோரம் கசிய ஆரம்பித்தது, அப்புறம் கேட்டுக்கு அடியில் வழிந்து சாக்கடை இல்லாத தெருவில் இறங்கியது. பையன்கள் ஓடிப்போய் மண் அள்ளிப் போட்டார்கள். யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வீடு பிடித்துக்கொடுத்த புரோக்கர் போனை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் நம்பர் அவர்களிடம் இல்லை, வாடகையே புரோக்கர் கைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா பொறுக்க முடியாமல் யார்யாரிடமோ கேட்டு நம்பர் வாங்கிப் பேசினார். வந்த பதில்: "வாடகை மாசா மாசம் வந்துருதுங்க. அதுக்கு மேல நான் அங்க வந்து என்ன செய்யறது?"

கழிவுநீர் லாரிக்கு 14420 என்று ஒரு இலவச எண் இருக்கிறது. அதை அந்தப் பையன்களுக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். வீட்டுக்காரர் கெட்டவர் என்றோ பையன்கள் ஊதாரிகள் என்றோ நான் நினைக்கவில்லை. அந்த வீட்டுக்குப் பதில் சொல்ல, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஒருவரும் இல்லை. கூட்டத்தில் சொன்ன எல்லா வழிகளையும் நான் இந்த அளவுகோலை வைத்தே பார்த்திருக்கிறேன்.

பேச்சிலருக்கு வீடு கொடுக்காதே

கூட்டத்தில் அதிகம் கைதட்டு வாங்கியது இதுதான். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை.

சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்த ஒரு சங்கத்துக்கு, இன்னொருவர் வீட்டில் யார் குடியிருக்கலாம் என்று சொல்ல அதிகாரம் கிடையாது. தீர்மானம் போட்டுப் போர்டு மாட்டலாம், அவ்வளவுதான். மாட்டினால் நடப்பது என்ன? வீட்டுக்காரர் புரோக்கரிடம் சொல்வார், புரோக்கர் "அண்ணன் தம்பிகள்" என்று சொல்லிக் குடிவைப்பார். ஏற்கனவே மறைவாக இருப்பது இன்னும் மறைவாகும். குடும்பமாக இருப்பவர்களும் குப்பையைக் காலி மனையில் போடத்தான் செய்கிறார்கள், நாமே பார்க்கிறோம். அதற்கும் மேலாக, கஞ்சிக்கோட்டில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்குகிற பையனுக்கு இந்த ஊரில் படுக்க இடம் இல்லை என்று சொல்ல நாம் யார்? நம் பிள்ளைகளும் பெங்களூரிலும் கொச்சியிலும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

மொழி பற்றியும் ஒரு பேச்சு வந்தது. மலையாளப் பையன்கள், இந்திக்காரர்கள் என்று ஆரம்பித்தார்கள். வாளையாருக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன, இந்தப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லையோரத்தில் வாழ்கிறவர்கள் இப்படிப் பேசுவது சரியில்லை என்று அங்கேயே சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

புகார் கொடுப்பது

இப்போது நாம் செய்துகொண்டிருப்பது இதுதான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பாட்டுச் சத்தம் என்றாலோ அடிதடி என்றாலோ 100-க்கு அடித்தால் ஆள் வருகிறார்கள், சத்தம் அடங்குகிறது. அந்த மாதிரி விஷயத்துக்கு இதைவிட வேகமான வழி இல்லை. குப்பைக்குப் பேரூராட்சி அலுவலகம், கவுன்சிலர் என்று போகலாம். வண்டி வந்து ஒருமுறை அள்ளிவிட்டுப் போகும்.

புகாரின் சூடு முழுக்கக் குடித்தனக்காரர் மேலேதான் விழுகிறது, வீட்டுக்காரர்மேல் படுவதில்லை. அவர் அதிகபட்சம் "காலி பண்ணுங்கப்பா" என்பார். அடுத்த ஜூனில் புதிதாக ஒரு கூட்டம் அதே வீட்டுக்கு வரும், அதே தொட்டி, அதே காலி மனை. போலீஸ் வாசலில் வந்து நின்ற பிறகு அந்தப் பையன்கள் நம்மைப் பார்த்துப் பேசுவதே இல்லை. பேச்சு இல்லாத தெருவில் எதையும் சரிசெய்ய முடியாது.

வாடகைதாரர் விவரத்தைக் காவல்துறையிடம் சரிபார்த்துக்கொள்வது வேறு விஷயம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே அதற்கு இடம் இருக்கிறது, வீட்டுக்காரர் அதைச் செய்வது நல்லது. ஆனால் அது யார் குடியிருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்லும், வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

2017-ஆம் ஆண்டுச் சட்டம்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகைக்கு விடுகிறவர்களில் பாதிப்பேர் இன்னும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு அதுவே போதும் என்று இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனி இணையதளம் இருக்கிறது. பதினொரு மாதம்தானே என்பது விலக்கு ஆகாது. நாளைக்குத் தகராறு வந்தால் பதிவு செய்யாத காகிதத்தை வைத்துக்கொண்டு நிற்கிற வீட்டுக்காரருக்குக் கால் ஊன்ற இடம் இருக்காது. வீட்டுக்காரர்களிடம் பேசும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான், பிறகுதான் தெருவின் நன்மை. தன் சொத்துக்குப் பாதுகாப்பு என்றால் யாரும் காது கொடுப்பார்கள்.

எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு என்பதையும் இந்தச் சட்டம் அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. கட்டிடத்தின் கட்டுமானப் பழுது, சுண்ணாம்பும் பெயின்டும், குழாய் மாற்றுவது, ஒயரிங் இவை வீட்டுக்காரர் கணக்கு. குழாய் வாஷர், அடைத்துக்கொண்ட வடிகால், சுவிட்சு, பூட்டு, தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது இவை குடியிருப்பவர் கணக்கு. எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. ஒருவர் பெயரில் எடுத்து ஒன்பது பேரை அடைக்கிற மேஸ்திரிகளுக்கும் புரோக்கர்களுக்கும் கடிவாளம் இதில் இருக்கிறது, வீட்டுக்காரர் பிடித்தால். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க 24 மணி நேரம் முன்பாகச் சொல்ல வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. கூட்டத்தில் ஒருவர் "மோட்டாரை நிறுத்திட்டா தானா காலி பண்ணுவாங்க" என்றார். அது சட்டப்படி தப்பு. செய்யவே கூடாது, சங்கம் அதற்குத் துணைபோகவும் கூடாது.

இவ்வளவு நன்றாக இருந்தும் இந்தச் சட்டம் மட்டும் நமக்குப் போதாது. இது வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையிலானது. அதிகாரியிடம் போய் நிற்கக்கூடியவர்கள் அவர்கள் இருவர்தான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அங்கே நாற்காலி இல்லை. நம் வாசலில் கழிவுநீர் ஓடினாலும் அந்த ஒப்பந்தத்தை வைத்து நாம் வழக்குப் போட முடியாது. ஆனால் ஒப்பந்தத்துக்குள் என்ன எழுத வேண்டும் என்று வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். இத்தனை பேர்தான் தங்கலாம், குப்பையைப் பிரித்து வண்டியில் கொடுக்க வேண்டும், தொட்டியைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்ற மூன்று வரிகள் அதில் இருந்தாலே பாதிச் சண்டை வராது. வீட்டுக்காரர் சார்பில் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர் என்ற ஒருவரையும் இந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டு அவருக்குக் கடமைகளைச் சொல்கிறது. அடுத்த வழிக்குக் கதவு அங்கேதான் திறக்கிறது.

ஊரில் ஒரு ஆள்

வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இங்கேயே குடியிருக்கிற ஒருவரைப் பொறுப்பாக வைப்பது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஆள் வைக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. பத்து வீட்டுக்கு ஒருவர் என்றால் ஆகும். மாதம் 12,000 ரூபாய் வாடகை வரும் வீடு என்று வைத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு ஐந்து என்றால் 600 ரூபாய். பத்து வீட்டுக்கு 6,000. ஓய்வுபெற்ற ஒரு எலக்ட்ரீஷியனுக்கோ, வீட்டிலிருந்தே வேலை தேடும் ஒரு அக்காவுக்கோ இது நல்ல துணை வருமானம். வீட்டுக்காரருக்கோ, ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் போகிற காசைவிட வருஷம் முழுக்கக் கொடுப்பது குறைவு.

அவருக்கு என்ன வேலை? புதிதாகக் குடிவருகிறவர்களை முதல் நாளே பார்த்துப் பேசுவது. குப்பை வண்டி எந்த நேரம் வரும், ஈரக்குப்பையும் உலர்குப்பையும் எப்படிப் பிரிப்பது, மோட்டார் எத்தனை நிமிடம் ஓட வேண்டும், பைக்கை எங்கே நிறுத்துவது என்று காட்டுவது. சொல்வதைவிடக் காட்டுவது முக்கியம். வீட்டில் அம்மா பார்த்துக்கொண்ட வேலைகளைப் பதினெட்டு வயதில் முதல் முறையாகச் செய்கிற பிள்ளைகள் அவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியைத் திறந்து பார்ப்பது, மழைக்கு முன் மாடித் தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுப்பது. பழுது என்றால் வீட்டுக்காரருக்குப் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சம்மதம் வாங்கி, ஆளைக் கூப்பிட்டு முடிப்பது. தெருவில் யாருக்காவது குறை என்றால் போலீசுக்கு முன்னால் இவருக்குச் சொல்வது.

எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னதும் வந்த பயங்கள் நியாயமானவை. ஊர்க்காரர் என்றால் அதிகாரம் செய்வார், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பொண்ணுங்க வீட்டுக்கு எதிரே நின்று கணக்கெடுப்பார் என்று ஒரு கல்லூரி ஆசிரியை சொன்னார். அது நடக்கக்கூடியதுதான். அதனால் அவர் பார்க்க வேண்டியது வீட்டை, குடியிருப்பவர்களின் சொந்த வாழ்க்கையை அல்ல என்று எழுத்தில் இருக்க வேண்டும். அவரிடம் சாவி இருக்கக் கூடாது, முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. பெண்கள் இருக்கும் வீடுகளுக்குப் பெண்ணே பொறுப்பாக இருந்தால் நல்லது. இன்னொரு கட்டுப்பாடும் எனக்கு அவசியமாகப் படுகிறது. இவர் வீடு பிடித்துக்கொடுக்கும் புரோக்கராகவும் இருக்கக் கூடாது. ஆள் மாறினால் கமிஷன் வரும் என்கிறவருக்குக் குடித்தனம் நிலைப்பதில் அக்கறை இருக்காது.

மூன்று வீட்டுக்காரர்களிடம் நானே பேசிப் பார்த்தேன். வடக்கஞ்சேரிக்காரர் உடனே ஒத்துக்கொண்டார். "சார், பில் மட்டும் அனுப்பித் தந்தா மதி, பாக்கி நீங்க பாத்துக்கோ" என்று பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார். அவருக்கு இங்கே நம்பக்கூடிய ஆள் கிடைக்காததுதான் இத்தனை நாள் தடையாக இருந்திருக்கிறது. துபாயில் இருப்பவர் தன் மைத்துனரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாமவர் 600 ரூபாயை வாடகையில் ஏற்றிவிடுவேன் என்றார். ஏற்றினால் ஏற்றட்டும் என்று நான் விட்டுவிடவில்லை. இது சொத்தைக் காக்கும் செலவு, குடித்தனக்காரர் தலையில் கட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

கஞ்சிக்கோட்டில் கேரள அரசு 'அப்னா கர்' என்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்றே 620 பேர் தங்கும் விடுதி கட்டி 2019-இல் திறந்தது. இந்தப் பக்கமும் அப்படி ஒன்று வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நல்ல விஷயம், கேட்க வேண்டியதுதான். ஆனால் அது அரசு செய்ய வேண்டியது, நம் தெருவின் ஜூன் மாதத்துக்கு உதவாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பொருந்தாது.

நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஹரித கர்ம சேனையை. ஒவ்வொரு வீட்டுக்கும் பெண்கள் குழு வந்து பிளாஸ்டிக்கைப் பிரித்து வாங்கிப்போகிறது, வீட்டுக்குக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைப் பாக்கி வைத்தால் கட்டிட வரியோடு சேர்த்து வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு 2024-இல் வழி செய்தார்கள். வரி சொந்தக்காரர் பெயரில் வருகிறது, ஆக அவர் தன் வீட்டுக் குப்பையை மறந்துவிட்டு இருக்க முடியாது. நம் பேரூராட்சியிலும் காலி மனைக் குப்பைக்கும் தெருவில் விடும் கழிவுநீருக்கும் நோட்டீஸ் குடியிருப்பவர் கதவில் ஒட்டப்படாமல், சொத்து வரி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போக வேண்டும் என்று கவுன்சிலர் வழியாகக் கேட்கலாம். சங்கத்தின் லெட்டர்பேடுக்கு மரியாதை உள்ள இடம் இதுதான்.

நான் சொல்லும் முடிவு

ஊரில் ஒரு பொறுப்பாளர், அவர் பெயரும் நம்பரும் எழுதிய பதிவு செய்த ஒப்பந்தம், இரண்டும் சேர்ந்து. தனித்தனியாக எதுவும் முழுசாகாது. பொறுப்பாளர் மட்டும் இருந்து காகிதம் இல்லையென்றால் அவர் சொல்லுக்கு எடை இல்லை. காகிதம் மட்டும் இருந்தால் தொட்டி வழியும் ராத்திரியில் அதைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. புகாரை அடிதடிக்கும் ஆபத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்வோம். பேச்சிலர் தடையை விட்டுவிடுவோம்.

எல்லாத் தெருவுக்கும் இது வேண்டியதில்லை. கீழே வீட்டுக்காரர் குடியிருந்து மாடியை மட்டும் விட்டிருக்கும் இடத்தில் அவரே பொறுப்பாளர், ஒரு டீ குடித்துப் பேசினால் முடிந்துவிடும். ஒரே ஆளுக்குச் சொந்தமான லைன் வீடு என்றால் அவரிடம் ஆள் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் கறாராகப் பேசினால் போதும். பத்து வீட்டுக்குப் பத்து வெளியூர்ச் சொந்தக்காரர்கள் இருக்கும் எங்கள் மாதிரி நகர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு.

வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் மார்ச் மாதமே போக வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் பழைய பிள்ளைகள் காலி செய்யும்போதுதான் தொட்டியைத் திறந்து பார்க்கவும், ஒயரிங் பார்க்கவும், புது ஒப்பந்தத்தில் அந்த மூன்று வரிகளைச் சேர்க்கவும் முடியும். ஜூனில் புரோக்கர் அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அந்த வருஷம் போய்விடும். கடிதத்தை மிரட்டலாக எழுத வேண்டாம். நம்பகமான பிளம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர்களையும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய உதவத் தயாராக இருக்கும் நம் சங்கத்துப் பையன்களின் பெயர்களையும் அதிலேயே கொடுப்போம். முதல் வருஷம் நாலு வீடு சேர்ந்தாலும் தொடங்கிவிடலாம். சேராத வீடுகளிலும் குடியிருக்கிற பிள்ளைகளுக்கு 14420-ஐயும் குப்பை வண்டி நேரத்தையும் பொறுப்பாளர் சொல்லித்தான் வைக்க வேண்டும், அதற்கு அந்த வீட்டுக்காரரிடம் காசு கேட்க வேண்டாம்.